19 வெல்டு போச்சு, 428 கிலோமீட்டர் வெல்டு வந்தாச்சு!

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் படிக்கிறது பி.காம். உலோகவியலுக்கும் எனக்கும் இருக்கிற ஒரே சொந்தம் எங்க அப்பாவோட வெல்டிங் பட்டறை. களியக்காவிளையிலிருந்து மார்த்தாண்டம் போற ரோட்டுல இருக்கு. லீவு நாள்ல அங்க பில் எழுதறதும், ராடு எத்தனை பாக்கெட் தீர்ந்துச்சுன்னு நோட்டுல குறிக்கிறதும் என் வேலை. அதனால மெக்கானிக்கல், மெட்டலர்ஜி படிக்கிற நண்பர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையா படிங்க. தப்பு இருந்தா திட்டலாம், ஆனா ஏன் தப்புன்னும் சொல்லணும்.

விஷயத்துக்கு வர்றேன். இந்த செமஸ்டர்ல காஸ்ட் அக்கவுண்டிங்குக்கு ஒரு அசைன்மென்ட். 'மூலப்பொருள் செலவைக் குறைத்த ஒரு உண்மையான உதாரணம்' எடுத்து எழுதணும். வகுப்புல பாதிப் பேர் முந்திரி ஃபேக்டரி, மீதிப் பேர் பேக்கரி. நான் கொஞ்சம் பந்தாவா இருக்கட்டுமேன்னு ராக்கெட்டை எடுத்தேன் :-)

2024 மே 9-ஆம் தேதி நம்ம மகேந்திரகிரியில இஸ்ரோ ஒரு என்ஜினை எரிச்சுப் பார்த்தாங்க. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டோட நாலாவது அடுக்குல இருக்கிற பி.எஸ்-4 என்ஜின். புது என்ஜின் கிடையாது, பல வருஷமா பறந்துக்கிட்டிருக்கிறதுதான். வெற்றிடத்துல 7.33 கிலோநியூட்டன் உந்துவிசை. இதுவரைக்கும் அதைக் கடைஞ்சு, சீவி, வெல்டு வச்சுத்தான் செஞ்சாங்க. இந்தத் தடவை வலியமலையில இருக்கிற திரவ உந்து அமைப்பு மையம் அதை மறுபடி வடிவமைச்சு, விப்ரோ 3டி நிறுவனத்துல உலோகத் தூளை லேசரால உருக்கி, அடுக்கு அடுக்கா அச்சடிச்சு எடுத்துட்டாங்க. (வலியமலை அந்தப் பக்கம், மகேந்திரகிரி இந்தப் பக்கம், நடுவுல நம்ம ஊர். இந்தப் பெருமையை நாமளே சொல்லிக்கிட்டாத்தான் உண்டு.)

இஸ்ரோ கொடுத்த கணக்கு இது. முன்னாடி 14 பாகம், இப்போ ஒரே துண்டு. 19 வெல்டு இணைப்பு இல்லாமப் போச்சு. முன்னாடி ஒரு என்ஜினுக்கு 565 கிலோ உலோகக் கட்டியும் தகடும் வேணும், இப்போ 13.7 கிலோ தூள் போதும். தயாரிப்பு நேரம் 60 சதவீதம் மிச்சம்.

எங்க பாஷையில சொன்னா மூலப்பொருள் தேவை 97.6 சதவீதம் குறைஞ்சிருக்கு. காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்துல வர்ற கற்பனைக் கணக்குல கூட இப்படி ஒரு எண்ணைப் போட்டா பசங்க நம்ப மாட்டாங்க. (ஒரு நேர்மைக்காக: 565 கிலோவுல சீவித் தள்ளினது முழுக்க வீண் இல்ல, ஸ்க்ராப்பா வித்துக் கொஞ்சம் காசு பார்க்கலாம். அதோட ஒரு கிலோ தூளோட விலை ஒரு கிலோ கட்டியோட விலையை விடப் பல மடங்கு. அப்படியும் மிச்சம் மிச்சம்தான்.)

அசைன்மென்ட்டைப் பெருமையா அப்பாகிட்ட காட்டினேன். "19 வெல்டு இல்லாம ஆக்கிட்டாங்கப்பா"ன்னு சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டுக் கேட்டாரு.

"பின்னே எப்படிலே ஒட்டிச்சு?"

"தூளைப் பரப்பி, லேசர் வச்சு உருக்கி, அது உறைஞ்ச பெறவு அதுக்கு மேல அடுத்த தூளைப் பரப்பி, மறுபடியும் உருக்கி..."

"அது வெல்டு இல்லாம பின்னே என்னவாக்கும்? 19 வெல்டு போவல்ல மக்களே. மொத்தமும் வெல்டாக்கும்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரல. அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த மாதிரி மெஷின்ல ஒரு அடுக்கு சுமார் 40 மைக்ரான் தடிமன், லேசர் போட்ட ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவுல சுமார் 100 மைக்ரான்னு பொதுவா சொல்றாங்க. (மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒண்ணு.) இரும்பு, நிக்கல் வகை உலோகத்தோட அடர்த்தியைத் தோராயமா 8-ன்னு வச்சு, 13.7 கிலோவும் உருகி என்ஜின் ஆகுதுன்னு எடுத்தா, லேசர் இழுத்த கோட்டோட மொத்த நீளம் 428 கிலோமீட்டர் வருது. களியக்காவிளையில ஆரம்பிச்சு நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை தாண்டி திருச்சி வரைக்கும் ஒரே வெல்டு. முடியை விட ஏதோ கொஞ்சம் தடிமனா ஒரு கோடு. என் கணக்குல பத்து இருபது சதவீதம் முன்னப் பின்ன இருக்கலாம், ஆனா 19 இணைப்புங்கற எண்ணுக்குப் பக்கத்துல வச்சுப் பார்த்தா அதெல்லாம் ஒரு வித்தியாசமே இல்ல.

இதுல என்ன பிரச்சினைங்கறீங்களா? அப்பாவோட ஒரு பழைய கதை சொல்றேன். கடலோரத்துலேருந்து ஒருத்தர் விசைப்படகோட இரும்பு பிராக்கெட்டைக் கொண்டு வந்தாரு, விரிசல். அப்பா அன்னைக்கு ஊர்ல இல்ல. பட்டறையில இருந்த பையன் நல்லாத்தான் வெல்டு அடிச்சிருக்கான். ஆனா படகுக்காரர் அவசரப்படுத்தினாருன்னு சூடா இருக்கும்போதே ஒரு வாளி தண்ணியை எடுத்து ஊத்திட்டான். மூணு மாசத்துல அதே பிராக்கெட் திரும்பி வந்துச்சு. வெல்டு அடிச்ச கோடு அப்படியே நிக்குது, அதுக்கு விரல் அகலம் பக்கத்துல முறிஞ்சிருக்கு. அப்பா பையனை அடிக்கல, படகுக்காரருக்குக் காசைத் திருப்பிக் கொடுத்தாரு. வெளிய பார்த்தா ரெண்டு வெல்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். உள்ள எவ்வளவு வேகமா ஆறிச்சுங்கறதுதான் வித்தியாசம்.

உலோகம் உறையறதைப் பத்தி நம்ம ஊர்க்காரங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லைன்னு நினைக்கிறேன். பதனி காய்ச்சின வீடுகள்ல எல்லாருக்கும் தெரியும். அதே பதனிதான். நல்லா வத்தக் காய்ச்சி, கிண்டி, செரட்டையில ஊத்தினா சீக்கிரமே இறுகி கருப்பட்டி. உடைச்சுப் பார்த்தா பொடிப்பொடியா நெருக்கமான குருணை. அதையே வேற பதத்துல இறக்கி, பாத்திரத்துல நூலைக் கட்டித் தொங்கவிட்டு, அசைக்காமப் பல நாள் விட்டுட்டா பனங்கற்கண்டு. விரல் நுனி அளவுக்குப் பெரிய படிகம். சர்க்கரை ஒண்ணுதான். எவ்வளவு வேகமா இறுகுச்சு, எங்கிருந்து வளர ஆரம்பிச்சது, எந்தப் பக்கமா வளந்துச்சு, இவ்வளவுதான் வேற.

உலோகமும் இப்படித்தான். எந்த இரும்புத் துண்டும் உள்ளுக்குள்ள சின்னச் சின்னப் படிகங்களோட கூட்டம். இங்கிலீஷ்ல கிரெயின்னு சொல்றாங்க, நான் நெல்மணி மாதிரி 'மணி'ன்னே எழுதறேன். இந்த மணிகளோட அளவு, வடிவம், திசை, நடுவுல ஒதுங்கி நிக்கிற வேற சேர்மானங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் நுண்ணமைப்பு. சாதாரண வெப்பத்துல பொடி மணி நல்லது, பலம் கூடும். ஆனா ஜெட் என்ஜின் பிளேடு மாதிரி சிவக்கச் சிவக்க வேலை செய்யற இடத்துல பெரிய மணியே நல்லது. பிளேடு முழுக்க ஒரே மணியா வார்க்கிறதும் உண்டு. அதனால 'நல்ல நுண்ணமைப்பு'ன்னு பொதுவா ஒண்ணு கிடையாது. என்ன வேலைக்குங்கறதை வச்சுத்தான்.

லேசர் அச்சுல என்ன ஆகுதுன்னா, உருகின உலோகம் ஒரு குட்டை மாதிரி நிக்கும். அகலம் ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கு இருக்கும். அந்தக் குட்டை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்துல ஓடிக்கிட்டே இருக்கும். லேசர் நகர்ந்ததும் விநாடிக்கு லட்சத்துலேருந்து பத்து லட்சம் டிகிரி வரைக்கும்கிற வேகத்துல ஆறும். வாளித் தண்ணி எல்லாம் இதுக்கு முன்னாடி தூசு! அப்புறம் அடுத்த அடுக்கு வரும்போது கீழ் அடுக்கோட மேல்தோல் மறுபடி உருகும். அதுக்குக் கீழ இருக்கிறது உருகாம, ஆனா சூடாகி ஆறும். ஒரே இடம் பல தடவை சூடாகி ஆறுது. கீழ இருக்கிற மணி அப்படியே மேல் அடுக்குக்குள்ளயும் வளர்ந்து, பல அடுக்கைத் துளைச்சுக்கிட்டுத் தூண் மாதிரி நிக்கும். அதனால செங்குத்தா இழுத்தா ஒரு பலம், குறுக்கா இழுத்தா வேற பலம். பனை மரத்தை நீளவாக்குல பிளக்கிறதுக்கும் குறுக்கே வெட்டுறதுக்கும் வித்தியாசம் இருக்கே, அது மாதிரி.

இதுல இன்னொரு சிக்கல். ஒரே என்ஜின்ல மெல்லிய சுவரும் இருக்கு, தடிமனான விளிம்பும் இருக்கு. மெல்லிய சுவர்ல வெப்பம் போக வழி கம்மி, தேங்கி நிக்கும். தடிமனான இடத்துல சட்டுனு இறங்கிடும். ஆக ஒரே தூள், ஒரே லேசர், ஒரே நாள், ஆனா ஒரே துண்டுக்குள்ளயே இடத்துக்கு இடம் வேற வேற உலோகம்! கட்டியிலிருந்து சீவி எடுக்கும்போது இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி. கட்டியைச் செஞ்சு கொடுத்தவன் ஒரு சர்டிஃபிகேட் கொடுப்பான், நாம சீவறது வடிவத்தை மட்டும்தான். அச்சடிக்கும்போது வடிவமும் உலோகமும் ஒரே நேரத்துல பிறக்குது. யாரும் முன்கூட்டி சர்டிஃபிகேட் கொடுக்க முடியாது.

இங்கதான் எனக்குத் தெரிஞ்ச பாடம் வருது. ஆடிட்டிங்.

ஒரு கம்பெனியோட எல்லா வவுச்சரையும் ஆடிட்டர் பார்க்க மாட்டார். சாம்பிள் பார்ப்பார். உள்ளே ஒழுங்கான கட்டுப்பாடு இருந்தா, பார்த்த நூறு சரியா இருந்தா பார்க்காத பத்தாயிரமும் சரியா இருக்கும்ங்கற நம்பிக்கை. அச்சடிச்ச உலோகத்துக்கு இந்த நம்பிக்கையை எங்கிருந்து கொண்டு வர்றது? ஒரு என்ஜினை வெட்டி மைக்ராஸ்கோப்ல பார்க்கலாம், ஆனா வெட்டின என்ஜின் பறக்காது. எக்ஸ்ரே சி.டி. ஸ்கேன் எடுக்கலாம், ஓட்டையும் விரிசலும் தெரியும், ஆனா சாதாரண ஸ்கேன்ல மணி எந்தப் பக்கம் பார்த்து நிக்குதுன்னு தெரியாது. என்ஜின் பக்கத்துலயே சாம்பிள் கம்பி ஒண்ணு சேர்த்து அச்சடிச்சு, அதை இழுத்து உடைச்சுப் பார்க்கலாம். அப்படித்தான் பெரும்பாலும் பண்றாங்க. ஆனா விரல் தடிமன் கம்பி ஆறின விதமும் தாள் மாதிரி சுவர் ஆறின விதமும் ஒண்ணு இல்லைன்னு இப்பத்தான் பார்த்தோம். பக்கத்து வீட்டு செரட்டையை உடைச்சுப் பார்த்து நம்ம வீட்டுக் கருப்பட்டிக்கு விலை சொல்றது மாதிரி.

கடைசி வழி, எரிச்சுப் பார்க்கிறது. மகேந்திரகிரியில அதைத்தான் செஞ்சாங்க. முதல்ல நாலு சோதனை, மொத்தம் 74 விநாடி. அப்புறம் தகுதிச் சோதனையா ஒரே மூச்சுல 665 விநாடி, பதினோரு நிமிஷத்துக்கு மேல. எல்லா அளவும் எதிர்பார்த்தபடி இருந்துச்சு. எனக்கு இதுல பெருமைதான், சந்தேகம் ஏதும் இல்ல. அதுக்கு முன்னாடி ஓட்டம், வெப்பம், கட்டமைப்பு பத்தி கணினியில மாடல் போட்டுப் பார்த்ததையும் சொல்லியிருக்காங்க. அந்த மாடல்கள் எல்லாம் என்ஜின் ஓடும்போது என்ன ஆகும்ங்கறதைச் சொல்றவை. என்ஜின் உறைஞ்சப்ப என்ன ஆச்சுங்கறது வேற கணக்கு.

நான் சொல்ல வர்றது அந்த வேற கணக்கைப் பத்தித்தான். 97.6 சதவீதம்ங்கறது மூலப்பொருள் கணக்கு. நம்பிக்கையோட விலை அந்த வரியில இல்ல. புது மெஷின், புதுத் தூள், புது வடிவம்னு ஒவ்வொரு தடவையும் வெட்டி, இழுத்து, எரிச்சுப் பார்த்துத்தான் நம்பணும்னா, அந்தச் செலவு ராக்கெட்டுக்குத் தாங்கும். இடுப்பு எலும்புக்கு வைக்கிற டைட்டானியம் துண்டுக்கு ஓரளவு தாங்கும். கோயம்புத்தூர் பம்பு கம்பெனிக்கும் எங்கப்பா பட்டறைக்கும் தாங்கவே தாங்காது. இந்தச் செலவைக் குறைக்க எனக்குத் தெரிஞ்சு ஒரே வழிதான். நுண்ணமைப்பு எப்படி உருவாகும்னு கணக்குல முன்கூட்டியே சொல்லத் தெரியணும். நம்ம நாட்டுல மெஷின் வாங்குறதுக்கு இருக்கிற ஆர்வம் இந்தக் கணக்குக்கு இருக்கணும்ங்கறது என் கட்சி.

அந்தக் கணக்கு எப்படிப் போடறாங்கன்னு நான் புரிஞ்சுக்கிட்ட அளவுல சொல்றேன். ஆரம்பமே வெல்டிங்தான். நகர்ந்துக்கிட்டே இருக்கிற சூட்டுப் புள்ளியைச் சுத்தி வெப்பம் எப்படிப் பரவும்ங்கறதுக்கு டேனியல் ரோசன்தால்ங்கறவர் 1946-லயே ஒரு சமன்பாடு எழுதிட்டாரு. இன்னைக்கும் லேசர் அச்சுக்காரங்க முதல் மதிப்பீட்டுக்கு அதைத்தான் எடுக்கறாங்க. (அப்பாகிட்ட சொன்னேன். "பாத்தியா, நம்ம ஆளு"ன்னாரு.) அதுலேருந்து ரெண்டு எண் கிடைக்கும். உறையற இடத்துல வெப்பம் எவ்வளவு செங்குத்தா இறங்குது, உறையற விளிம்பு எவ்வளவு வேகமா நகருது. இந்த ரெண்டையும் வகுத்தா மணி தூணா வளருமா, உருண்டையா வளருமாங்கறது தெரியும். பெருக்கினா எவ்வளவு பொடியா இருக்கும்ங்கறது தெரியும். தூண் எப்போ உருண்டையா மாறும்னு ஹன்ட்ங்கறவர் 1984-ல ஒரு கணக்கு கொடுத்தார், அதையும் இன்னும் பயன்படுத்தறாங்க.

அதுக்கு மேல போகணும்னா கிராஃப் நோட்டு மாதிரி இடத்தைச் சின்னச் சின்னக் கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொரு கட்டமும் உருகியிருக்கா, உறைஞ்சிருக்கா, உறைஞ்சா பக்கத்துக் கட்டத்து மணியோட சேர்ந்துக்குமான்னு விதி வச்சு ஓட்டுவாங்க. செல்லுலார் ஆட்டோமேட்டான்னு பேர். நான் பெருக்கிப் பார்த்தேன். ஒரு மைக்ரான் கட்டமா எடுத்தா, 13.7 கிலோவுக்கு ஏறத்தாழ 1,700 லட்சம் கோடி கட்டம் வருது! பட்ஜெட்ல கூட இவ்வளவு லட்சம் கோடி கேட்டதில்ல. நம்ம வெல்டு கோடு போய் முடிஞ்ச திருச்சியில, என்.ஐ.டி.-யில, 2022-ல 'பரம் பொருள்'னு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் வந்துச்சு. விநாடிக்கு 838 லட்சம் கோடி கணக்கு. கட்டத்துக்கு ஒரே ஒரு கூட்டல் போட்டாலே அதுக்கு ரெண்டு விநாடி ஆகும். நிஜத்துல ஒவ்வொரு கட்டத்துக்கும் எக்கச்சக்கமான கணக்கு, அதையும் நேரத்தைத் துண்டு துண்டாக்கித் திரும்பத் திரும்பப் போடணும். அதனால யாரும் முழு என்ஜினையும் போடறதில்ல. முக்கியமான மூலையில சில மில்லிமீட்டர் எடுத்துப் போடறாங்க. அமெரிக்காவுல எக்ஸாஸ்கேல் திட்டத்துல இதுக்குன்னே எழுதின எக்ஸாசிஏ-ங்கற நிரலை இலவசமாவே வெளியில விட்டிருக்காங்க, யாரும் எடுத்து ஓட்டலாம்.

சரி, இந்தக் கணக்கை நம்பலாமா? இங்கயும் ஆடிட்டர் புத்தி விட மாட்டேங்குது. இந்த மாடல்கள்ல சில எண்களை யாராலயும் நேரடியா அளக்க முடியாது. உருகின குட்டைக்குள்ள புது மணி முளைக்க எத்தனை வித்து இருக்கும்ங்கறது ஒண்ணு. லேசர் சூட்டுல எத்தனை சதவீதத்தை உலோகம் உறிஞ்சுதுங்கறது இன்னொண்ணு. விடை சோதனையோட ஒத்துப் போற வரைக்கும் அந்த எண்ணை ஏத்தி இறக்கி வைக்கிறதுண்டு. டிரையல் பேலன்ஸ் டாலி ஆகலைன்னா நாங்க சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல தள்ளுவோமே, அதே டெக்னிக்! டாலி ஆயிடும். ஆனா டாலி ஆனதாலயே கணக்கு சரின்னு ஆயிடாது.

இதுக்கு அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் ஒரு நல்ல வழி கண்டுபிடிச்சாங்க. 2018-ல ஏ.எம்.-பெஞ்ச்னு ஒரு போட்டி ஆரம்பிச்சாங்க. அவங்க இன்கோனல் 625-ங்கற நிக்கல் கலவையிலயும் ஒரு வகை துருப்பிடிக்காத எஃகுலயும் துண்டுகளைச் செஞ்சு, உருகுகுட்டை அளவு, ஆறின வேகம், மணி, உள்ளே தேங்கின இழுவிசைன்னு எல்லாத்தையும் அளந்து பெட்டியில பூட்டி வச்சுட்டாங்க. மாடல் போடறவங்ககிட்ட எப்படிச் செஞ்சோம்ங்கற விவரத்தை மட்டும் கொடுத்து, விடையை அனுப்பச் சொன்னாங்க. எல்லா விடையும் வந்த பெறகுதான் பெட்டியைத் திறந்தாங்க. 2022-ல மறுபடியும் நடத்தினாங்க. அளந்த விவரம் முழுக்க இப்போ பொதுவுல இருக்கு. இதுதான் வெளி ஆடிட். சொந்த சோதனையை வச்சு சொந்த மாடலைச் சரி பண்ணி, சொந்தமா 'பிரமாதம்'னு சொல்லிக்கிறது கம்பெனி முதலாளியே ஆடிட் ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடறது மாதிரி.

இப்படி உள்ள பார்த்ததால கிடைச்ச ஒரு பலனைச் சொல்லாம விட முடியல. இந்த இன்கோனல் 625-ஐ அச்சடிச்ச பெறகு உள்ளே இருக்கிற இழுவிசையைத் தளர்த்த 870 டிகிரியில ஒரு மணி நேரம் வைக்கிறது தொழில்ல பழக்கம். நிஸ்ட் ஆட்கள் பார்த்தப்போ, அந்த ஒரு மணி நேரத்துலயே டெல்டாங்கற வேண்டாத சேர்மம் ஊசி ஊசியா முளைச்சிருந்துச்சு. அடிச்சு உருட்டின பழைய பாணி உலோகத்துல அது வர இதைவிட மிக அதிக நேரம் ஆகும். காரணம், லேசர் குட்டை உறையும்போது நயோபியம்ங்கற தனிமம் மணிக்குள்ள ஒரே சீரா நிக்காம இடுக்குல போய் ஒதுங்கிடுது. ஒதுங்கின இடத்துல டெல்டா சட்டுனு முளைக்குது. பழைய உலோகத்தோட சமையல் குறிப்பு புது உலோகத்துக்கு ஆகாது. 2018-ல வெளியான இந்த வேலையில, எவ்வளவு ஒதுங்கும்ங்கறதைக் கணக்குல போட்டும் பார்த்தாங்க, அளந்தும் பார்த்தாங்க.

கணக்கு தெரிஞ்சா தப்பைத் தடுக்கிறதோட நிக்கறதில்ல. 2014-ல அமெரிக்காவோட ஓக் ரிட்ஜ் ஆய்வகத்துல இன்கோனல் 718 கட்டிக்குள்ள எலக்ட்ரான் கற்றையை வச்சு மூணு இங்கிலீஷ் எழுத்தை எழுதிக் காட்டினாங்க. டி, ஓ, ஈ. மை இல்ல, பள்ளம் இல்ல, வேற உலோகமும் இல்ல. எழுத்து இருக்கிற இடத்துல மணிகளோட திசை மட்டும் வேற. அந்த ஆய்வுக் கட்டுரையை எழுதினவங்கள்ல ஒருத்தர் சுதர்சனம் சுரேஷ் பாபு. கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி.-யிலயும் சென்னை ஐ.ஐ.டி.-யிலயும் படிச்சவர். ஐ.ஐ.டி.-யில அவர் படிச்சது என்ன தெரியுமா? வெல்டிங் உலோகவியல்! (இதையும் அப்பாகிட்ட சொன்னேன். அன்னைக்கு ராத்திரி எனக்கு எக்ஸ்ட்ரா பரோட்டா.)

2017-ல கலிஃபோர்னியாவுல எச்.ஆர்.எல். ஆய்வகத்துல 7075 அலுமினியத்துக்கும் இதே மாதிரி ஒரு தீர்வு கண்டாங்க. அச்சடிச்சா விரிசல் விட்டே தீரும்னு ஒதுக்கி வச்சிருந்த உலோகம் அது. தூண் தூணா வளர்ற மணிகளுக்கு நடுவுல கிழியுது. எதை வித்தா போட்டா அலுமினியப் படிகம் அதுமேல வளரும்னு கணினியில தேடி, சிர்கோனியம் நுண்துகளைத் தூள்மேல ஒட்டவிட்டாங்க. பொடிப்பொடியா உருண்டை மணி வந்துச்சு, விரிசல் நின்னுச்சு. கற்கண்டுக்கு நூல் தொங்கவிடற அதே யோசனைதான்.

இப்போ நம்ம பக்கம். 2022 பிப்ரவரியில மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் இந்த அச்சு உற்பத்திக்கு ஒரு தேசிய உத்தி வெளியிட்டுச்சு. 100 ஸ்டார்ட்-அப், 500 தயாரிப்பு, 50 உள்நாட்டுத் தொழில்நுட்பம்னு இலக்கு. மகேந்திரகிரி சோதனை முடிஞ்ச மூணாவது வாரமே, 2024 மே 30-ஆம் தேதி, சென்னை ஐ.ஐ.டி.-யில வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டா அச்சடிச்ச என்ஜினை ஸ்ரீஹரிகோட்டாவுலேருந்து பறக்கவும் விட்டுட்டாங்க. ஆக அச்சடிக்கத் தெரியும்ங்கறதுல சந்தேகமே இல்ல. எனக்கு வேணும்கிறது அந்த இலக்குப் பட்டியல் பக்கத்துல இன்னும் ஒரு எண். எத்தனை உலோகத்துக்கு, நம்ம தூள், நம்ம மெஷின்ல அச்சடிச்சு அளந்த நுண்ணமைப்பு விவரம், யாரும் எடுத்துப் பார்க்கிற மாதிரி பொதுவுல இருக்கு? ஸ்டார்ட்-அப்பை எண்றது சுலபம், ரிப்பன் வெட்டின படம் இருக்கும். இதை எண்றதுக்குப் படம் இருக்காது.

ராக்கெட் ரகசியத்தை வெளிய விடச் சொல்றியான்னு என் பெஞ்ச்காரன் கேட்டான். நியாயமான கேள்வி. பி.எஸ்-4 விவரம் எனக்கு வேண்டாம். எல்லாரும் பயன்படுத்தற 316எல் எஃகு, அலுமினியம்-சிலிக்கான் கலவை, டைட்டானியம், இது மூணு போதும். அரசு காசுல ஓடற ஆய்வகங்கள்ல எப்படியும் இதையெல்லாம் அச்சடிச்சு வெட்டிப் பார்க்கத்தான் செய்யறாங்க. பார்த்ததை ஒரே படிவத்துல போட்டு வச்சு, வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டியில பூட்டி ஒரு போட்டி வச்சா, நாகர்கோவில்ல எம்.இ. படிக்கிற ஒரு பொண்ணு ஹாஸ்டல் லேப்டாப்புல ஓட்டின கணக்கு சரியா தப்பான்னு தெரியும். வெளிநாட்டு மென்பொருள் லைசென்ஸ் வாங்கி, அவங்க தூளுக்குப் பொருத்தி வச்ச எண்களை நம்ம தூளுக்கும் போடறதை விட இது எவ்வளவோ மேல்.

இன்னொருத்தன் சொன்னான், ஏ.ஐ. வந்தாச்சு, அதுவே சொல்லிடும், மாடல் எதுக்குன்னு. ஏ.ஐ.-க்கும் கத்துக்கிறதுக்கு அளந்த விவரம் வேணும்ல? வவுச்சரே இல்லாம டாலி சாஃப்ட்வேர் லாபம் சொல்லுமா?

அசைன்மென்ட்ல கடைசியா ஒரு பாரா சேர்த்தேன். '97.6 சதவீதம் என்பது மூலப்பொருள் செலவு மட்டுமே. சோதனை மற்றும் தகுதிச் சான்றுச் செலவு இதில் சேர்க்கப்படவில்லை'ன்னு. சார் அதுக்குக் கீழ சிவப்பு மையில கோடு போட்டு, "அந்தச் செலவு எவ்வளவு?"ன்னு எழுதித் திருப்பிக் கொடுத்துட்டாரு. வெளியான கணக்கு எதுலயும் எனக்கு அது கிடைக்கல. உலோக அச்சு பண்ற கம்பெனியில வேலை பார்க்கிற அண்ணன்மார், அக்காமார் யாராவது இருந்தா, பேரெல்லாம் வேண்டாம், ஒரு பாகத்தோட மொத்தச் செலவுல சோதனைக்கு எத்தனை சதவீதம் போகுதுன்னு மட்டும் சொல்லுங்க. அடுத்த வெள்ளிக்கிழமை திரும்ப சப்மிட் பண்ணணும்.